காரைக்குடிக்கு வந்த டெக் பிசினஸ் குரு: 5க்கு 2

ஏஐ வைத்து ஆன்லைனில் கோடி சம்பாதிக்கக் கற்றுத் தருகிறேன் என்று காரைக்குடிக்கு வந்த குருவின் பயிலரங்கத்துக்குத் தங்கையோடு போய்வந்தேன், அவள் கண்டாங்கி சேலை விற்கிறாள். 5க்கு 2 தருகிறேன். அந்த இரண்டும் குருவுக்கு இல்லை, அவரோடு வந்த உதவியாளர் பெண்ணுக்கு. காலை வகுப்பில், ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சேலையைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் கட்டமும் கரையும் நிறம் மாறாமல் வரும் என்று செய்தே காட்டினார். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுவதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மதியம் குரு வந்தார். முதலில் நம் ஊர்ப் பெருமை: பர்மா, மலாயா, கொண்டுவிற்கப் போன முன்னோர்கள், உங்கள் ரத்தத்திலேயே வியாபாரம் ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முன்னோர்கள் அங்கே நடத்திய கடைகளில் கடைநிலை உதவியாளான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாக உயர்கிறவரை கணக்கு எழுதியே வளர்ந்தார்கள். வரவும் செலவும் பேரேட்டில் ஏறி, ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) முதலாளி கண்ணுக்குப் போயாக வேண்டும். இவர் காட்டியதோ ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். ஒரு மாத விற்பனை, பெரிய எண், அவ்வளவுதான். விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, கேஷ் ஆன் டெலிவரியில் எத்தனை பார்சல் திரும்பி வந்தது, திரும்பி வந்ததற்குக் கூரியர் கூலி யார் தலையில் விழுந்தது, ஜிஎஸ்டி கட்டியபின் கையில் என்ன மிஞ்சியது, எதையும் சொல்லவில்லை. விற்பனைத் தொகையை லாபம் மாதிரிக் காட்டுகிறவரை நான் நம்பமாட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஆத்தங்குடி டைல்ஸை ஸ்டாக்கே வைக்காமல் இந்தியா முழுக்க விற்கலாம் என்றார் குரு. அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எழுந்து, "சார், லாரியில போறப்பவே மூலை உடையுது, ஒண்ணு ரெண்டுன்னு கூரியர்ல அனுப்பினா உடைசலுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். கண்ணாடி மேல் நிறக்கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்கிற கனமான சரக்கு அது. எவ்வளவு நியாயமான கேள்வி! குருவின் பதில்: "இந்த நெகட்டிவ் மைண்ட்செட்தான் உங்களை இந்த ஊர்லயே உட்கார வெச்சிருக்கு." முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருந்தால் அவர்மேல் மரியாதை கூடியிருக்கும். தொழில் தெரிந்த ஒருவரை, மைக் கையில் இருக்கிற தைரியத்தில் நூறு பேர் முன்னால் குறுகவைத்தார் பாருங்கள், அவர் குணத்தை எடைபோட எனக்கு அதுவே போதும்.

வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தோம். 18% ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண் அச்சிடவே இல்லை. எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு, யார் பெயரில் பதிவு, எந்தத் தேதியில் இருந்து, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். பத்து வருடமாக சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துவதாக மேடையில் சொன்னார், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பதிவாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முன்பு தனிநபர் தொழிலாக நடத்தியிருந்தால் அந்தத் தளத்தில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் அவருடைய அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

அரங்கின் சுவரெல்லாம் பெரிய மனிதர்களோடு அவர் எடுத்துக்கொண்ட படங்கள். அதைப் பார்த்துத்தான் பலர் மயங்கினார்கள். அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் தெரனோஸ் தொடங்கினார், சில சொட்டு ரத்தத்தில் எத்தனையோ பரிசோதனை என்றார். ஹென்றி கிஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் போன்ற முன்னாள் வெளியுறவு அமைச்சர்களே அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தார்கள். இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை, 2022-ல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்கு ஹோம்ஸுக்குப் பதினோரு வருடத்துக்கும் மேல் சிறைத்தண்டனை. அத்தனை பெரிய பெயர்கள் பக்கத்தில் இருந்தும் அங்கே அதுதான் நடந்தது. இங்கே ஒரு விழாவில் எடுத்த செல்ஃபியை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

மாலையில் 49,000 ரூபாய்க்கு மென்டர்ஷிப் என்ற வழிகாட்டும் பயிற்சி, இன்று இரவு 8 மணி வரைதான் இந்த விலை என்றார்கள். நகையை அடகு வைத்தாவது சேருங்கள் என்று ஒரு ஆச்சியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். இதை எந்த விதத்திலும் மன்னிக்க முடியாது. பணம் திரும்பத் தரும் விதி என்ன என்று எழுத்தில் கேட்டவர்களுக்கு "குழுவில் பேசிக்கலாம்" என்ற பதில்தான் வந்தது.

அடுத்த பேட்ச் தேவகோட்டையிலாம். போகிறவர்கள் காலை வகுப்புக்கு மட்டும் இருந்துவிட்டு வாருங்கள், கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே மென்டர்ஷிப்புக்குக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கிறவர்கள் ரசீதையும் போஸ்டரையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம்.