அடுத்த டிசம்பருக்கும் இருக்குமா? உப்பு மாவு, சோடா மாவு, காகிதம், குச்சி: குழந்தைகளோடு செய்த கிறிஸ்துமஸ் மரத் தொங்கல்கள்

பரணிலிருந்து டப்பாவை இறக்கித் திறந்ததும் முதலில் வந்தது ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை. முந்தைய டிசம்பரில் மகளும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிறிஸ்துமஸ் மரத்துக்கு உப்பு மாவில் பதினான்கு தொங்கல்கள் செய்திருந்தோம். அதில் ஒன்பது ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நட்சத்திரத்தைத் தூக்கினால் நூல் மட்டும் கையோடு வந்தது. அவள் கை பதித்த வட்டில் சுண்டுவிரல் பக்கம் பச்சையாகப் பூசணம். "என் கைக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். டப்பாவை மூடிவிட்டேன்.

அதற்கப்புறம் வேறு மூன்று வழிகளைச் செய்து பார்த்தாயிற்று. மகளுக்கு இப்போது ஆறு, மகனுக்கு மூன்று. என் ஓட்டு எதற்கு என்பதை மறைக்கப் போவதில்லை: சமையல் சோடாவும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துக் கிண்டும் வெள்ளை மாவுக்குத்தான். மற்றவற்றையும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் பட்டைகள் வெட்டிக் கொடுத்தால் மூன்று வயதுக் குழந்தைகூட வளையம் வளையமாகக் கோத்து ஒட்டிவிடும். அரை மணி நேரத்தில் மரத்தைச் சுற்றிவரும் அளவு சங்கிலி தயார். மடிப்பு வேலைக்குள் மட்டும் அவசரப்பட்டு இறங்காதீர்கள். நான்கு பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து மடிக்கும் ஜெர்மன் நட்சத்திரம் ஒன்று உண்டு. கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெலின் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். பாலர் பள்ளிக்காரர் பெயர் இருக்கிறதே, பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கும் என்று நம்பி உட்கார்ந்தேன். ஒன்றை முடிக்க எனக்கே முக்கால் மணி நேரம் ஆனது. மகள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். எடுத்து வைத்தால் ஒட்டிய பசையையும் காகிதத்தையும் இராமபாணப் பூச்சி அரித்துவிடும். ஆனால் காகிதத்தை யாரும் எடுத்து வைக்கும் எண்ணத்தோடு செய்வதில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை.

ஐஸ்கிரீம் குச்சி நேரெதிர். ஐந்து குச்சியில் நட்சத்திரம், மூன்றைக் குறுக்கே வைத்தால் பனித்துகள். மரம் என்பதால் வருடக்கணக்கில் கெடாது. நீடித்து உழைப்பதை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெள்ளைப் பசை பிடித்துக்கொள்ள அரை மணி நேரமாவது வேண்டும், குழந்தையின் பொறுமைக்கு ஐந்து நிமிடம்தான் ஆயுள். மூலைக்கு மூலை துணிக் கிளிப் மாட்டிக் காத்திருந்தது நான், வண்ணம் மட்டும் அடித்தது அவர்கள். இதில் பிள்ளையின் கை என்று எதுவும் பதிவதில்லை. மேலே மணி, பொத்தான் ஒட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் தொண்டையிலும் சிக்கலாம்.

இனி மாவுகள்.

உப்பு மாவின் பெரிய பலம், மாவு தயாராக அடுப்பே வேண்டாம் என்பது. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 1 கப்புக்குக் கொஞ்சம் குறைவாக. முதல் நிமிடத்திலிருந்தே பிள்ளைகள் கை வைக்கலாம். பிசைவதுதான் அவர்களுக்குத் திருவிழா, தொங்கலெல்லாம் அப்புறம்தான். பச்சை மாவை வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அச்சால் வெட்டி, ஸ்ட்ராவால் ஓட்டை போட்டு, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். சூட்டைக் கூட்டி அவசரப்பட்டால் உள்ளே காற்று சேர்ந்து பூரி மாதிரி உப்பிவிடும். எங்கள் கலைமான் ஒன்று அப்படித்தான் யானையானது.

கை பதிப்பதில் ஒரு சிக்கல். மைதாவுக்கு இழுவிசை உண்டு, அழுத்தி எடுத்ததும் மெல்ல மேலே எழும்பும். உள்ளங்கைக் குழி ஆழமாக விழுந்த மாதிரி இருக்கும், வெந்து வந்த பிறகு பார்த்தால் பாதிதான் மிஞ்சியிருக்கும்.

சோடா மாவில் அந்த இழுவிசை கிடையாது. சமையல் சோடா 2 கப், கார்ன்ஃப்ளார் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அதில் அமிலமும் கலந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் நுரைக்கும். எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிதமான தீயில் கிண்ட வேண்டும். நான்கைந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது, பால் மாதிரியே இருக்கும். ஏதோ தப்பு பண்ணிவிட்டோம் என்று நினைக்கும்போது கரண்டி திடீரென்று கனக்கும். 65, 70 டிகிரியை எட்டியதும் ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வீங்குவதால் வரும் மாற்றம் அது. மசித்த உருளைக்கிழங்குப் பதம் வந்ததும் இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை விட வேண்டும்.

இந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளைகளை அடுப்படிக்கு வெளியே நிறுத்தி வைப்பதுதான் இந்த முறையின் பெரிய குறை. இன்னொன்று, மேல்புறம் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். வேண்டிய உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் துணிக்கு அடியிலேயே வைத்திருக்க வேண்டும்.

ஆனால் அழுத்தினால் அழுத்தியது அப்படியே நிற்கும். மகனின் கட்டைவிரலைப் பதித்தபோது ரேகைகூட விழுந்தது. ஒரு இலையைக் கவிழ்த்துப் பூரிக்கட்டையால் உருட்டினால் நரம்பு நரம்பாக வரும். நிறம் பனி வெள்ளை, மைதா மாதிரி பழுப்பேறாது. காய்ந்தபின் ஸ்கெட்ச் பேனாவாலேயே வரையலாம், பெயின்ட் டப்பாவைத் திறந்து வீட்டைத் துடைக்கும் வேலை மிச்சம். கம்பித் தட்டில் வைத்து அவ்வப்போது திருப்பிப் போட்டால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். திருப்ப மறந்தால் ஓரம் அப்பளம் மாதிரி வளையும். ஓவனில் வைப்பதானால் 80 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் சோடா வாயுவை வெளியிட ஆரம்பிக்கும், வெடிப்பும் விழும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு மாவும் ஏறத்தாழ சமம்தான். என்னை ஒரு பக்கம் சாய்த்தது அந்தப் பதினோரு மாத டப்பா வாசம். மரத்தில் தொங்குவது சில வாரங்கள், மீதி நாளெல்லாம் இருட்டில் கிடக்கிறது. அங்கே பிழைக்குமா என்பதுதான் என் கேள்வி. பிள்ளையின் கைத்தடம் உள்ள பொருளுக்கு வேறு கேள்வியே கிடையாது, நான்கு வயதுக் கையைத் திரும்பப் பதிக்க முடியாதே.

உப்பு எப்படித் தோற்கிறது என்பதை வீட்டு உப்பு ஜாடியே சொல்லும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் ஜாடி கசிவது இதனால்தான். உப்பு மாவுத் தொங்கலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பு இருக்கிறது. அது இழுத்த ஈரம் பக்கத்திலிருக்கும் மைதாவை ஊற வைக்கிறது, ஊறிய மைதா பூசணத்துக்கு விருந்து. காற்று காயும்போது உப்பு மேலே வந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. சமையல் சோடா இப்படி ஈரத்தை இழுப்பதில்லை.

"வார்னிஷ் அடித்தால் போதுமே" என்பார்கள். நானும் அடித்தேன். முன்பக்கம் அடித்தேன், பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன், நூல் கோக்கும் ஓட்டையின் உட்சுவரை நினைக்கவே இல்லை. நைந்து போன நட்சத்திரங்கள் எல்லாமே அந்த ஓட்டையிலிருந்துதான் நைந்திருந்தன. இரண்டு பக்கமும், ஓரமும், ஓட்டைக்குள்ளும் இரண்டு கோட் அடித்திருந்தால் நின்றிருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். காற்று வறண்ட ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வராமலும் போகலாம்.

சோடா மாவுத் தொங்கல்கள் எங்கள் வீட்டில் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டியிருக்கின்றன, அவ்வளவுதான் என் அனுபவம். பத்து வருடம் நிற்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். பூசணம் இல்லை, ஒட்டவில்லை, வெள்ளை மங்கவில்லை. ஸ்கெட்ச் பேனாவின் ரோஜா நிறம் மட்டும் வெளிறிவிட்டது. உடைவது உண்மை. தரையில் விழுந்தால் உப்பு மாவு பிழைத்துக்கொள்ளும், இது இரண்டாகும். ஒவ்வொன்றையும் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். அந்தப் பொட்டலம் உப்பு மாவையும் காப்பாற்றியிருக்குமோ என்னவோ, அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நாய் இருந்தால் இரண்டில் எதுவானாலும் கீழ்க் கிளையில் மாட்டாதீர்கள். உப்பு மாவைத் தின்ற நாயின் உடலில் சோடியம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். சோடாவும் அளவு மீறினால் நல்லதல்ல.

இந்த வருடம் மாவு ஆறுவதற்குள் மகள் பின்பக்கம் குச்சியால் வருடத்தைக் கீறி வைத்துவிட்டாள். மகன் கை பதிக்க மறுத்துவிட்டான். அச்சும் வேண்டாமாம். உருட்டி உருட்டி ஒரு பாம்பு செய்தான். வால் மெலிந்துபோனதால் காயும்போதே ஒடிந்தது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். மரத்தில் பாம்பா என்று பாட்டி முறைத்தார். மேலிருந்து மூன்றாவது கிளையில் தொங்குகிறது.