சுருதி சேர ட்யூனர் முள்ளா, தம்புராவா?

பாட்டு கற்கத் தொடங்கிய முதல் ஆறு மாதம் செல்போனில், பாடும் சுருதி கூடுகிறதா குறைகிறதா என்று முள்ளால் காட்டும் ட்யூனர் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாதகம் (பயிற்சி) செய்தேன். இப்போது தம்புரா ஒலி மட்டும்தான்; பாடுகிறவருக்குச் சுருதி கொடுத்துக்கொண்டே இருக்கும் தந்தி வாத்தியம் அது. இரண்டையும் பழகிப் பார்த்த பிறகு என் ஓட்டு தம்புராவுக்கே.

ட்யூனர் காசில்லாமல் கிடைக்கிறது, உடனே காட்டுகிறது. கார்வை பிடிக்கும்போது, அதாவது ஒரே சுரத்தை நீட்டிப் பாடும்போது, மூச்சு தீரத் தீரச் சுருதி இறங்குவதையும், அழுத்திப் பாடினால் ஏறிவிடுவதையும் அதில்தான் முதலில் கண்டுகொண்டேன்.

ஆனால் முள்ளைப் பார்த்துத் திருத்தியது கண். காது சும்மா இருந்தது. ஒருநாள் ஆசிரியை, "கண்ணை மூடிக்கிட்டு ஸட்ஜம் பிடிங்க" என்றார். ஸட்ஜம் என்பது ஸ ரி க ம-வின் முதல் சுரமான ஸ. தம்புராவோடு பிடித்தேன். குரல் ஆடியது.

ஒரு கட்டைச் சுருதியில் (கீபோர்டின் C) ஆண் குரலின் ஸட்ஜம் நொடிக்குச் சுமார் 131 அதிர்வு. நான் 133-இல் நின்றால், இரண்டு ஒலியும் மோதி நொடிக்கு இரண்டு முறை அலை எழும்பும். குரலை லேசாகத் தளர்த்தினால் அலை மெதுவாகும், சேர்ந்ததும் அடங்கிவிடும். அப்போது என் குரல் தனியாகக் கேட்காமல் தம்புராவுக்குள் இழைந்து போகும். அந்த இடத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் தொண்டை தானாகத் தேடிப் போகிறது.

எனக்கு முடிவு சொன்னது காந்தாரம் என்னும் 'க' சுரம்தான். தம்புராவின் மந்தரத் தந்தியை (கீழ் ஸ ஒலிக்கும் தந்தி) மீட்டினால் அந்தர காந்தாரம், அதாவது இரண்டு காந்தாரங்களில் மேலே உள்ளது, தானாகவே எழும். தந்திக்கு அடியில் குதிரை மேல் வைக்கும் ஜீவா நூல் சரியாக அமைந்தால் தெளிவாகவே கேட்கும். கல்யாணி ராகத்தில் அதோடு சேர்ந்து நிற்கும் காந்தாரம், கீபோர்டு காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கிறது. அரைச் சுரத்துக்கு, அதாவது கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு, 100 சென்ட் என்பது கணக்கு. பெரும்பாலான ட்யூனர்கள் கீபோர்டு கணக்கில்தான் அளக்கின்றன. அதனால் சரியாகச் சேர்ந்த காந்தாரத்தை 'குறைகிறது' என்று முள் காட்டும். அதை நம்பி மாதக்கணக்கில் காந்தாரத்தை ஏற்றிப் பாடிய பழக்கத்தை விடப் பட்ட பாடு கொஞ்சமல்ல. சில செயலிகளில் இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினாலும் தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு என்ன செய்வது? ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவில் அசைந்துகொண்டே இருக்கும் சுரம் அது. முள் நிற்க இடமே இல்லை.

சரி, எந்தத் தம்புரா? மரத் தம்புராவை இரவல் வாங்கிச் சில நாள்தான் மீட்டியிருக்கிறேன். காற்றின் ஈரமும் வெப்பமும் மாறினால் சுருதி விலகும், தந்தியில் கோத்த மணியை நகர்த்திச் சேர்ப்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும். ஒலியின் நிறைவில் அதற்கு ஈடில்லை என்று எனக்குத் தோன்றியது. தினசரி சாதகத்துக்கு எலக்ட்ரானிக் தம்புராவே போதுகிறது. செல்போன் செயலி என்றால் தனி ஸ்பீக்கரில் இணையுங்கள்; போனின் சின்ன ஸ்பீக்கரில் மந்தரம் எடுபடாது. இயர்போன் என்றால் ஒரு காதில் மட்டும். இரண்டிலும் மாட்டினால் சொந்தக் குரல் மங்கிவிடும்.

ட்யூனரை நான் அழித்துவிடவில்லை. வாரம் ஒருமுறை ஸட்ஜம், பஞ்சமம் (ப) இரண்டையும் நீளமாகப் பாடிப் பதிவு செய்து, பாடி முடித்த பிறகு அதில் ஓட்டிப் பார்க்கிறேன்.