மருத்துவக் காப்பீடு: நான்கு நாடுகள், நான்கு ஏற்பாடுகள், மக்களின் மனநிறைவு

உங்கள் மருத்துவக் காப்பீடு உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா என்ற ஒற்றைக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எந்தெந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு கைகொடுக்கும் என்பது ஒன்று. அதற்காக நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு நிறைவாகப் பதில் சொல்பவர்களே இரண்டாவதற்கு வரும்போது குமுறுகிறார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஏற்பாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மக்களுக்கு நிம்மதி தருவது செலவு குறைவாக இருப்பது மட்டுமல்ல, அதற்கு ஓர் உச்சவரம்பு இருப்பதும் அந்த வரம்பு முன்கூட்டியே தெரிந்திருப்பதுமே என்பது என் முடிவு.

அமெரிக்காவில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் பல ஆண்டுகளாக ஒரே முரணைக் காட்டிவருகின்றன. தம்முடைய காப்பீடு நன்றாக இருக்கிறது என்பவர்கள் பெரும்பான்மையினர். நாட்டின் காப்பீட்டு நிலைமை நன்றாக இருக்கிறது என்பவர்கள் சிறுபான்மையினர். வேலை தரும் நிறுவனமே பிரீமியத்தின் பெரும்பகுதியைச் செலுத்திவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். 2024-இல் நிறுவனங்கள் வழியான குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். அதில் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது சராசரியாக 6,296 டாலர்தான். மீதித் தொகையும் சம்பளமாக வந்திருக்கக்கூடிய பணமே என்று பொருளாதார அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் கண்ணில் படாத செலவுக்கு யாரும் வருந்துவதில்லை.

அந்தத் திருப்தி உண்மையில் சோதிக்கப்படுவது நோய் வந்த பிறகுதான். காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நோயாளியே கட்ட வேண்டிய டிடக்டிபிள், அதன்பின் ஒவ்வொரு பில்லிலும் அவர் ஏற்க வேண்டிய பங்கு, காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவரிடம் போனால் வரும் தனிச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. 2025-இல் தனிநபருக்கு அது 9,200 டாலர். பட்டியலுக்கு வெளியே பெறும் சிகிச்சையை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அவசரச் சிகிச்சையையும் விமான ஆம்புலன்சையும் உள்ளடக்கியது. சாலையில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டது. மயங்கிக் கிடப்பவர் தன்னை ஏற்றிச் செல்லும் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பதால், இந்த விடுபாட்டைச் சிறிய குறையாக என்னால் கருத முடியவில்லை.

காப்பீடு உண்மையில் எதைத் தருகிறது என்பதற்கு அதே நாட்டின் ஆரெகன் மாநிலத்தில் ஒரு சான்று கிடைத்தது. 2008-இல் வறியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த குறைந்த இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, இடம் கிடைத்தவர்களின் இரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. குடும்பத்தையே சாய்த்துவிடும் அளவிலான மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது.

ஜெர்மனியின் ஏற்பாடு 1883-இல் தொடங்கியது. மக்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குச் சட்டபூர்வக் காப்பீட்டு நிதியங்களில் இருக்கிறார்கள். வருமானத்தில் 14.6 சதவீதமும் அதற்கு மேல் நிதியத்துக்கு நிதியம் மாறும் கூடுதல் சந்தாவும் செலுத்த வேண்டும். இரண்டையும் தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். வருமானமில்லாத வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா கிடையாது. மருந்துக்கு 5 முதல் 10 யூரோ, மருத்துவமனையில் நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் ஆண்டில் அதிகபட்சம் 28 நாள்களுக்கு என்று நோயாளியின் பங்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது.

இவற்றைக் காட்டிலும் நான் மதிக்கும் அம்சம் வேறு. ஓராண்டில் கட்டும் இந்தப் பங்குகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தின் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெடுநாள் நோயாளிக்கு அது 1 சதவீதம். ஆண்டுக்கு 30,000 யூரோ ஈட்டும் தனி நபர் 600 யூரோவைத் தொட்டதும், ரசீதுகளைக் காட்டி, ஆண்டின் மீதி நாள்களுக்கு விலக்குச் சான்று வாங்கிக்கொள்ளலாம். ரசீதுகளைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுவது சங்கடமே என்றாலும், வருமானத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் வரம்பு, எல்லாருக்கும் ஒரே தொகை என்ற வரம்பைவிட நியாயமானது. சிறப்பு மருத்துவரைப் பார்க்கத் தனியார் காப்பீடு வைத்திருப்பவருக்கு முன்னதாகவே நாள் கிடைக்கிறது என்ற மனக்குறை அங்கும் உண்டு. அதில் உண்மையும் உண்டு.

பிரிட்டனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் நடக்கும் தேசிய சுகாதாரச் சேவையில் மருத்துவரைப் பார்க்கவும் அறுவை செய்துகொள்ளவும் கட்டணம் இல்லை. ஆயினும் 2010-இல் 70 சதவீதமாக இருந்த மக்களின் திருப்தி, 2024-இல் 21 சதவீதமாகச் சரிந்தது. காத்திருப்புப் பட்டியலே முதன்மைக் காரணம். இலவசமாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை மக்கள் கைவிடவில்லை. பணத்துக்குப் பதிலாகக் காலத்தைக் கட்டச் சொல்வதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

சுவிட்சர்லாந்தில் நிலைமை இதற்கு நேர்மாறு. 1996 முதல் அங்கு வசிக்கும் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நிறுவனத்திடம் அடிப்படைக் காப்பீடு எடுத்தாக வேண்டும். எந்த நிறுவனமும் நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுக்க முடியாது. காப்பீட்டில் அடங்கும் சிகிச்சைகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றே. காப்பீட்டின் அளவைப் பொறுத்தவரை இதில் குறை காண்பது கடினம். குமுறல் முழுவதும் பிரீமியத்தைப் பற்றியது. அது வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. முதலாளியும் பங்கு கொடுப்பதில்லை. குறைந்த வருமானமுள்ளோருக்கு மானியம் உண்டு, மற்றவர்கள் மாதந்தோறும் முழுத் தொகையையும் தாமே கட்டுகிறார்கள். அமெரிக்கத் தொழிலாளியின் கண்ணில் படாத செலவு இங்கே ஒவ்வொரு மாதமும் எதிரே வந்து நிற்கிறது. இருந்தும், எல்லா நிறுவனங்களையும் நீக்கி ஒரே பொதுக் காப்பீடு அமைக்கும் யோசனையை 2014 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். பிரீமியம் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யோசனையும் 2024 ஜூனில் தோற்றது. செலவைப் பற்றிய அதிருப்தி, ஏற்பாட்டையே மாற்றும் விருப்பமாகக் கனிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

சுவிஸ் மக்கள் முன் ஆண்டுதோறும் இருக்கும் தேர்வையும் பார்க்க வேண்டும். பெரியவர்கள் 300 முதல் 2,500 பிராங்க் வரை டிடக்டிபிளைத் தேர்ந்துகொள்ளலாம். தொகை உயர உயரப் பிரீமியம் குறையும். அதற்கு மேல் செலவில் 10 சதவீதம், அதிகபட்சம் 700 பிராங்க் கட்ட வேண்டும். ஓராண்டு மருத்துவச் செலவு 5,300 பிராங்க் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐத் தேர்ந்தவர் 300-உம் மீதி 5,000-இல் 10 சதவீதமான 500-உம் சேர்த்து 800 கட்டுவார். 2,500-ஐத் தேர்ந்தவர் 2,500-உம் மீதி 2,800-இல் 280-உம் சேர்த்து 2,780 கட்டுவார்.

நோயற்றவருக்கு இரண்டாவது தேர்வு லாபம்தான். ஆனால் 1970-களில் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் தொடங்கிய நெடிய ஆய்வு ஓர் எச்சரிக்கையைத் தந்தது. கையிலிருந்து அதிகம் கட்ட வேண்டியிருந்த குடும்பங்கள் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் சேர்த்தே குறைத்துக்கொண்டன. இலவசச் சிகிச்சை பெற்ற ஏழை நோயாளிகளிடம் உயர் இரத்த அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ஆகவே, டிடக்டிபிள் முழுவதையும் ஒரே மாதத்தில் கட்டிவிடும் அளவுக்குச் சேமிப்பு வைத்திருப்பவருக்கு மட்டுமே உயர்ந்த டிடக்டிபிளைப் பரிந்துரைப்பேன். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ நாள்தோறும் மருந்து எடுப்பவர், பிரீமியம் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், அதைத் தவிர்ப்பதே நல்லது.