70-களின் அமெரிக்க ஜாஸ் பேஸா, 80-களின் ஜப்பானியப் பேஸா?

சென்னையில் பழைய பேஸ் கிட்டார் தேடுபவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைகளில் வந்து நிற்கிறது. ஒன்று, 1970-களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் செய்யப்பட்ட, ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் என்ற மாடல். மற்றொன்று, 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அதே வடிவத்தில் செய்யப்பட்ட ஸ்குவையர் (ஃபெண்டரின் இன்னொரு பிராண்ட்), ஃபெண்டர் ஜப்பான், கிரெகோ, டோக்காய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று. இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டு அண்மையில் நான் எடுத்தது ஜப்பானியப் பேஸைத்தான். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒலியைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் அதற்குத் தேவையில்லை. ஆஷ் மர உடலும் மேப்பிள் நெக்கும் (கழுத்துப் பகுதி) கொண்ட 70-களின் ஜாஸ் பேஸில், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்துப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச் சுருள்) பழைய இடத்திலிருந்து சற்றே பின்னுக்கு நகர்ந்திருக்கும். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும்போது அதிலிருந்து கிளம்பும் கூர்மை வேறு எதிலும் அப்படியே வருவதில்லை. அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியப் பேஸ்கள் பெரும்பாலும் 1962-ஆம் ஆண்டின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டவை; அவற்றின் குரல் இன்னும் உருண்டையாக இருக்கும். ஸ்லாப் வாசிப்பவருக்கு அமெரிக்கப் பேஸ், விரலால் வாசிப்பவருக்கு எதுவானாலும் சரி. எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 70-களின் ஆஷ் உடல் நான்கரை கிலோவைத் தாண்டுவது சாதாரணம். கல்யாண வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவரின் தோளுக்குத்தான் அது தெரியும்.

வேலைப்பாட்டில் வேறுபாடு இதைவிடப் பெரியது. 1965-இல் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. 70-களின் நடுவிலிருந்து ஜாஸ் பேஸின் நெக்கை நான்கு திருகுகளுக்குப் பதிலாக மூன்றே திருகுகளால் பிடித்துவைத்தார்கள். மரத்தில் வெட்டிய பள்ளம் சரியாகப் பொருந்தாத பேஸில் நெக் பக்கவாட்டில் அசையும், கம்பி ஃபிரெட் பலகையின் (ஃபிரெட் எனும் உலோகப் பட்டைகள் பதித்த, விரல் அழுத்தும் பலகை) விளிம்புக்கு நகரும். நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. ஜப்பானியப் பிரதிகள் இந்த இடைவெளியில்தான் பெயர் வாங்கின. கடைசியில் ஃபெண்டரே 1982-இல் ஜப்பானிய நிறுவனங்களுடன் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, மாட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் தொழிற்சாலையில் தன் பழைய மாடல்களைச் செய்யக் கொடுத்தது. ஜேவி என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட முதல் காலத்து ஸ்குவையர்கள் அங்கே பிறந்தவை. நான் பார்த்தவற்றில் நெக் பள்ளத்தில் ஒரு காகிதம் நுழையக்கூட இடமில்லை.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டுச் சந்தையில் நல்ல நிலையில் உள்ள 70-களின் ஜாஸ் பேஸ் பெரும்பாலும் 3,000 டாலருக்கு மேல்தான் போகிறது. ஜப்பானியப் பேஸ் ஏறத்தாழ அதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. இங்கே கொண்டுவரும் செலவும் சுங்கவரியும் அதன்மேல் ஏறும்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் அல்ல, பராமரிப்புதான். அதுவும் சென்னையில் பராமரிப்பது. அமெரிக்கப் பேஸுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி மரத்துக்கோ ஒலிக்கோ அன்று, எதுவும் மாற்றப்படவில்லை என்பதற்காகக் கொடுக்கும் விலை. திருகு, பாட் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள மின்பாகம்), பிக்கப், ஃபிரெட், மேற்பூச்சு எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். உள்ளே சாலிடர் இணைப்புகளை யாரும் தொட்டிருக்கக் கூடாது. விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால், முதலில் கன்ட்ரோல் தகட்டைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்வார். பாட்டின் பின்புறத்தில் 1377633 என்றிருந்தால் 137 என்பது பாட்டைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தைக் குறிக்கும், மீதி 1976-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தைக் குறிக்கும். அந்த எண் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

கடலை ஒட்டி வாழ்கிற ஊரில் இந்த நிபந்தனை எப்படி நிற்கும்? உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் உலோகத்தைச் சும்மா விடுவதில்லை. பிரிட்ஜின் உயரத் திருகுகள் துருவேறி இறுகுகின்றன. பாட் கரகரக்கிறது. இவற்றைவிட அஞ்ச வேண்டியது பிக்கப்பைத்தான். ஃபெண்டர் முறைப் பிக்கப்பில் நூலைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகக் காந்தக் குச்சிகளின்மேல் நேரடியாகவே சுற்றியிருப்பார்கள். குச்சியில் துரு ஏறினால் அது கம்பியின் மேற்பூச்சை அரித்து, கம்பியையும் அறுக்கும்; ஒரே ஓர் இடத்தில் அறுந்தாலும் பிக்கப் ஊமையாகிவிடும். மல்டிமீட்டரில் ஏழு, எட்டு கிலோ ஓம் காட்ட வேண்டிய சுருள் எதையுமே காட்டாது. புதிதாகச் சுற்றினால் பேஸ் பாடும், ஆனால் விலை விழும்.

என் நண்பர் ஒருவர் சர்ச்சில் வாசிப்பவர், அவரிடம் 1976-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் இருக்கிறது. வால்யூம் பாட் கரகரத்ததால் வடபழனியில் ஒரு சர்வீஸ்காரரிடம் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன். அவர் தகட்டைக் கழற்றி, சாலிடரிங் அயர்னைக் கையில் எடுத்தவர், பாட்டின்மேல் வைக்காமல் அப்படியே நிறுத்தினார். "சார், மாத்திடவா, இல்ல கிளீனர் அடிச்சு விட்டுடவா? மாத்தினா கரகர சத்தம் போயிடும். ஆனா அப்புறம் ரேட்டு போகாதுன்னு சொல்வீங்க." நண்பர் கிளீனரையே சொன்னார். அடுத்த மழைக்குக் கரகரப்பு திரும்பி வந்தது. தேய்ந்த ஃபிரெட்களையும் இதே காரணத்துக்காகத்தான் அவர் மாற்றவில்லை. மேப்பிள் பலகையில் ஃபிரெட் மாற்றினால் கனத்த பாலியெஸ்டர் பூச்சையும் உடைத்து மறுபடி பூச வேண்டியிருக்கும், அதை மறைக்க முடியாது. வாசிப்பதற்காக வாங்கிய கருவியை வாசிக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பதே நஷ்டம் என்றாகிவிடுகிறது. புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தம் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் ஃபிரெட்கள் இருந்த இடத்தை நிரப்பி, பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசி வாசித்தார். அன்றைக்கு அது பழைய பேஸ், அவ்வளவுதான். இன்றைக்கு யாராவது செய்தால் ஊரே திட்டும்.

ஜப்பானியப் பேஸில் இந்த முரண்பாடு இல்லை, அல்லது மிகக் குறைவு. அதன் விலை பெரும்பாலும் அது எப்படி வாசிக்கிறது என்பதைப் பொறுத்தது. என்னுடையதில் பாட்களை மாற்றினேன், பிரிட்ஜ் திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டேன், ஃபிரெட்களைச் சீராக்கினேன். பார்த்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, நன்றாக இருக்கிறதே என்றுதான் சொன்னார்கள். மெட்ரிக் அளவுத் திருகுகள் இங்கே எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் தண்டு கொண்ட பாட்களுக்கு ரிச்சி தெரு போதும். 250 கிலோ ஓம் மதிப்பைத் தேடத்தான் கொஞ்சம் அலைய வேண்டும்.

ஓர் இடத்தில் அமெரிக்கப் பேஸுக்கு முழு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 1975-க்குப் பிந்தைய ஜாஸ் பேஸில் ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் உலோகத் தண்டு) தலை ஹெட்ஸ்டாக் (நெக்கின் மேல்முனை) பக்கத்தில் இருக்கிறது. ஆலன் சாவியை நுழைத்து அரை நிமிடத்தில் நெக்கின் வளைவைச் சரிசெய்யலாம். 62-ஐப் பின்பற்றும் ஜப்பானியப் பேஸில் அது நெக்கின் அடிப்பக்கத்தில் புதைந்திருக்கும், கம்பியைத் தளர்த்தி நெக்கையே கழற்ற வேண்டும். ஏசி ஸ்டுடியோவுக்கும் திறந்தவெளி மேடைக்கும் மாறி மாறிப் போகிறவருக்கு இது எரிச்சலான வேலை. பருவம் மாறும்போது மட்டும் செய்கிறேன். அதற்கு மேல் பொறுமை இல்லை.

திரும்ப விற்பதைப் பற்றி நான் சொல்வதை அரைகுறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அமெரிக்கப் பேஸ் எதையும் நான் விற்றதில்லை. அருகில் இருந்து பார்த்தவரை, கோடம்பாக்கம், சாலிகிராமம் பக்கத்து ரெக்கார்டிங் கலைஞர்கள் தாழ்ந்த பி கம்பி வேண்டும் என்று ஐந்து கம்பி பேஸையே தேடுகிறார்கள். நான்கு கம்பிப் பழம் பேஸுக்கு நாலு லட்சம் கொடுக்கக்கூடியவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும். ஒன்றரை லட்சத்துக்குள் வரும் ஜப்பானியப் பேஸைக் கேட்டு வருபவர்கள் அதிகம். வெளிநாட்டுக்கு விற்கலாமே என்பார்கள். கடலோர ஊரிலிருந்து வருகிற பேஸின் துருவைப் பற்றி அங்கே வாங்குபவர்களும் கேள்வி கேட்பார்கள்.

ஜேவி வரிசை ஸ்குவையர்களுக்கும் இப்போது சேகரிப்பாளர்கள் வந்துவிட்டார்கள் என்பதால், மேலே சொன்ன சுதந்திரம் அங்கே மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது. வாசிக்க வாங்குபவர் கிரெகோவையோ, டோக்காயையோ, ஈ என்று தொடங்கும் எண் கொண்ட 80-களின் நடுக்காலத்து ஃபெண்டர் ஜப்பானையோ பார்ப்பது நல்லது. வாங்கும்போது நெக்கைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும்: ட்ரஸ் ராடின் தலையில் காடி தேய்ந்திருக்கிறதா, இன்னும் இறுக்க இடம் இருக்கிறதா என்பதை அப்போதுதான் காண முடியும். ராட் முழுவதும் இறுகிய பிறகும் நெக் வளைந்தே நின்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தப் பேஸை வாங்க வேண்டாம்.