உளி தீட்ட எந்தச் சாணைக்கல்: சாம்பலா, வெள்ளையா?

மதுரை கே. புதூரில் உள்ள என் தச்சுப் பட்டறைக்கு ஆறு அங்குல பெஞ்ச் கிரைண்டர் வாங்கியபோது, அதனுடன் 36, 60 ஆகிய எண்களில் இரண்டு சாம்பல் கற்கள் வந்தன. உளியும் இழைப்புளி அலகும் தீட்டுவதே என் தேவை என்பதால், சில மாதங்களில் 60 எண் சாம்பல் கல்லைக் கழற்றிவிட்டு, அதே எண்ணில் வெள்ளைக் கல்லை மாட்டினேன்.

எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும் என்பது தெரிந்ததே. இரண்டு கற்களும் அலுமினியம் ஆக்சைடுதான். ஆனால் சாம்பல் கல்லின் துகள் எளிதில் உடையாது. முனை மழுங்கியபின் வெட்டாமல் தேய்க்கத் தொடங்குவதால் சூடு ஏறும். கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரியில் நீலம் பாய்ந்து கடினத்தை இழந்துவிடும். பிறகு தண்ணீரில் தோய்த்தாலும் அது மீளாது. வெள்ளைக் கல்லின் துகள் உடைந்து புது முனை காட்டுவதால் சூடு குறைவு. அது விரைவாகத் தேய்கிறது, விலையும் கூடுதல். இருந்தும் என் பரிந்துரை அதுவே.

எனினும், எந்தக் கல்லானாலும் ஆட்டத்தைத் தீர்க்காமல் மாட்டினால் கொடுத்த காசு வீண். மேலும் கீழும் துள்ளுவது வேறு, பக்கவாட்டில் ஆடுவது வேறு. முன்னதை டிரெஸ்ஸர் (கல்லின் முகத்தைச் சீவிச் சமன்செய்யும் கருவி) பிடித்துச் சரிசெய்துவிடலாம். வைர முனை டிரெஸ்ஸருக்கு வெள்ளைக் கல் சில நொடிகளில் இணங்குவதால், வாரம் ஒருமுறை வட்டம் திருத்துவது எனக்குச் சுமையாகத் தோன்றியதே இல்லை. பின்னதற்கு டிரெஸ்ஸர் உதவாது. என் கிரைண்டரில் கல்லின் இருபுறமும் இருந்தவை தகட்டில் அடித்த மெல்லிய பிளாஞ்சுகள் (கல்லை இறுக்கிப் பிடிக்கும் வட்டத் தட்டுகள்). நட்டை முறுக்கும்போதே அவை வளைந்தன. லேத்தில் துளையையும் முகத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்து, கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், இரண்டும் ஒரே அளவில் 50 மில்லிமீட்டர் பிளாஞ்சுகள் செய்து போட்டபிறகே கல் நேராகச் சுழன்றது. துளைக்குள் வரும் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) தளர்ந்திருந்தாலும் கல் மையம் விலகும். கல்லின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டை வட்டத்தைக் கிழித்தெறியக் கூடாது. அழுத்தத்தைச் சமமாகப் பரப்புவது அதுதான். மீதமிருந்த சிறு ஆட்டம், நட்டைத் தளர்த்திக் கல்லைக் கால் சுற்று திருப்பி மாட்டியதில் அடங்கியது.

80 எண் வெள்ளைக் கல் இன்னும் மென்மையாகத் தீட்டும். ஆனால் வாயின் (வெட்டும் விளிம்பின்) கடைசிக் கூர் எப்படியும் எண்ணெய்க் கல்லில்தான் என்பதால் எனக்கு 60 போதும். கார்பைடு முனைக்குப் பச்சைக் கல்தான் பொருத்தம். சி.பி.என். (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான துகள் பூசிய) சக்கரத்தை நண்பரின் பட்டறையில் ஒரு மாலை மட்டுமே ஓட்டினேன். டிரெஸ்ஸிங் தேவைப்படாத அதன் வசதி பிடித்தது, ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சாம்பல் 36 இன்னும் இடப்பக்கத்தில் இருக்கிறது. வாய் முறிந்த உளியைச் சமன்செய்ய அதுவே வேகம். அந்தப் பக்க நட்டுக்கு இடமரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை) என்பதை மறந்து முறுக்க வேண்டாம். புதுக்கல்லை மாட்டுமுன் மரக்கைப்பிடியால் தட்டி, கணீரென்று ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள்.