குதிகால் வலி: ஊசியா, பயிற்சியா?

குன்னூர்க் குளிரில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே உயிர் போகும். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் முள்போல ஒரு வளர்ச்சி. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் அதுவல்ல. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. வலிப்பது உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை.

ஸ்டீராய்டு ஊசி சீக்கிரம் கேட்கும். சில வாரங்களில் வலி திரும்பவும் கூடும். அடிக்கடி போட்டால் அந்தப் பட்டையே கிழியலாம்.

பயிற்சி மெதுவானது. வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி இழுத்து 10 எண்ணுங்கள். இப்படி 10 முறை. தரையில் கால் படுமுன்னே செய்வதுதான் சூட்சுமம். பலன் தெரிய மாதக்கணக்காகும். தேய்ந்த ரப்பர் செருப்போடு மார்க்கெட் ஏற்றம் ஏறினால் இரண்டுமே வீண்தான்! என் ஓட்டு பயிற்சிக்கு. மாதங்கள் போயும் அடங்காவிட்டால் மட்டும் ஊசி.