டிஸ்ட்ரிபியூட்டர் கியர்: கோடு போட்டு மாட்டுவதா, டாப் பார்த்து மாட்டுவதா?

பழைய பெட்ரோல் அம்பாசடரில், பிளக்குகளுக்கு வரிசைப்படி மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் கழற்றினால் பயமே வேண்டாம். அடியில் இருக்கும் நாக்கு நடுவிலிருந்து கொஞ்சம் விலகி இருப்பதால் ஒரே வாக்கில்தான் உட்காரும். அதற்கும் கீழே, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டோடு கடித்து ஓடும் கியர் தண்டை உருவினால்தான் சிக்கல். அதைத் திரும்பப் போட எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மூன்று வழி பார்த்திருக்கிறேன்.

கோடு போட்டு மாட்டுவது சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு கோடு போதாது. பல் சாய்வாக இருப்பதால் தண்டு ஏறும்போதும் இறங்கும்போதும் சுற்றும். உருவும் முன் ஒரு கோடு, பல் விட்டதும் நிற்கிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டாவதில் வைத்து இறக்கினால் முதல் கோட்டில் போய் நிற்கும். நடுவில் யாராவது இன்ஜினைச் சுற்றிவிட்டால் இரண்டு கோடும் வீண். முன்பே தப்பாக இருந்தால் அதே தப்புதான் திரும்ப வரும்.

இரண்டாவது, கியர் எப்படி உட்கார்ந்தாலும் பிளக் வயர்களை இடம் மாற்றிச் சரிக்கட்டுவது. வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் இதை நான் அடியோடு வெறுக்கிறேன். தென்காசிக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது ஆலங்குளத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப் விரிசல் விட்டது. வேறு கேப் மாட்டிய பையன், சிலிண்டர்கள் எரியும் வரிசையான 1-3-4-2 முறைப்படி, வழக்கமான இடத்திலிருந்து வயர் கோத்தான். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தது. அவன்மேல் குற்றமே இல்லை. பிறகு பேட்டையில் மெக்கானிக் திறந்து பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, வயரு சரியாத்தான் இருந்திருக்கு. கீழ கியருதான் இடம் மாறி உக்காந்திருக்கு."

அவர் செய்ததுதான் மூன்றாவது வழி: டாப் பார்த்து மாட்டுவது. முதல் பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சிக்கு வரும் இடம்தான் டாப். முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்தார். கையால் இன்ஜினைச் சுற்ற, காற்று விரலைத் தள்ளியது. அதன் பிறகே புல்லியின் குறியை முள்ளுக்கு நேரே கொண்டுவந்தார். குறியை மட்டும் நம்பினால் ஏமாறலாம். கேம் ஒரு சுற்று சுற்ற, பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றுவதால், புகை தள்ளும் நேரத்திலும் அதே குறி நேராக வரும். வால்வு கவர் திறந்திருந்தால் இன்னும் சுலபம்: நாலாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட, ஒன்று திறக்கிற நிலையில் இருக்க வேண்டும். 5/16 அங்குலத் தடிமனுள்ள நீளமான போல்ட்டைக் கியர் தண்டின் தலையில் முறுக்கி, அதைப் பிடித்து இறக்கினார். நேரம் அதிகம்தான், ஆனால் என் ஓட்டு இதற்கே.

கடைசி டைமிங்குக்கு, அதாவது பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய, பாயிண்டோடு இணைத்த ஒரு பல்பு போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தொட்டுப் பிரியும் முனைதான் பாயிண்ட்; அது பிரிகிற கணத்தில் பல்பு எரியும். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருந்தால் ஓடும்போது நிலவரம் தெரியும். எதில் பார்த்தாலும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கடைசிவரை திருப்பியும் டைமிங் எட்டவில்லையா? கியர் ஒரு பல் தள்ளி இருக்கிறது, மறுபடி உருவுங்கள்.

எங்கள் வண்டியின் கேப்பில், முதல் வயர் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் 1 என்று எழுதியிருக்கிறோம்.